கொத்தனார்கள் விட்டுச்சென்ற வீடு



பிரான்ஸ் என்றதும் உங்கள் மனக்கண்ணில் முதலில் எழுவது பாரிஸ் மாநகரமாகத்தான் இருக்கும். ஈஃபில் கோபுரமும், அகன்ற வீதிகளும், ஒரே சீரான உயரத்தில் அணிவகுத்து நிற்கும் கல்மாளிகைகளும் படங்களில் நீங்கள் கண்டு பழகியவை. அம்மாளிகைகளைக் கட்டிய கைகள் எங்கிருந்து வந்தன? அக்கைகளுக்கு உரியவர்களின் சொந்த வீடுகள் இன்று எந்நிலையில் இருக்கின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர், பாரிஸின் ஓஸ்தெர்லித்ஸ் நிலையத்தில் ரயிலேறித் தெற்கு நோக்கிச் சுமார் மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். லா சூத்தெரேன் என்னும் சிற்றூரில் இறங்கினால் அது க்ரோஸ் மாவட்டம்.

2023 ஜூலையில் அங்கு இருபது நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் தமக்கையின் கணவர் காரைக்காலில் பிறந்தவர். 1962 ஆகஸ்ட் 16இல் புதுவை, காரைக்கால் ஆகிய பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பாரிஸின் புறநகரில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்றவர், 2021இல் தம் சேமிப்பின் பெரும்பகுதியைக் கொண்டு க்ரோஸ் மாவட்டக் குக்கிராமம் ஒன்றில் பழைய கருங்கல் வீடொன்றை வாங்கினார். அவ்வீட்டைச் செப்பனிடும் பணியை அருகிருந்து பார்த்ததில் அறிந்தவற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கொத்தனார்களின் நாடு

க்ரோஸ் மாவட்டத்து மண் செழிப்பானதன்று. கருங்கற் பாறைமீது மெல்லியதாய்ப் படிந்த மண்ணில் முரட்டுத் தானியங்களே விளைந்தன. செஸ்நட் மரத்தின் கொட்டைகளை அவித்துண்டு ஏழைகள் குளிர்காலத்தைக் கழித்தனர். வயல் சோறு போடாததால் ஆண்கள் கல்வேலை கற்றனர். ஒவ்வோர் ஆண்டும் இளவேனிற் காலம் பிறந்ததும் கூட்டங் கூட்டமாகப் பாரிஸுக்கும் லியோனுக்கும் நடந்தே சென்று, கட்டட வேலை செய்து, குளிர்காலம் தொடங்கும்போது பணத்துடன் வீடு திரும்புவர். வயலையும் கால்நடைகளையும் முதியோரையும் குழந்தைகளையும் பேணிக் காத்தவர்கள் பெண்கள். சபுராளிக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் வாழும் உங்களுக்கு இந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் மார்த்தேன் நதோ. 1815இல் இம்மாவட்டத்தில் பிறந்த அவர், 1830இல், பதினான்கு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் பாரிஸ் புறப்பட்டார். பகலில் கல் சுமந்து, பின்னாளில் மாலை வேளைகளில் சக தொழிலாளருக்குக் கல்வி புகட்டி, 1849இல் நாடாளுமன்ற உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1851ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குப்பின் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தில் கொத்தனாராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்து, 1870இல் தாயகம் திரும்பினார். அவர் 1895இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளே இக்கொத்தனார்களின் வாழ்வை அறிய நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்றாகும்.

1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்னும் ஆட்சியாளர் பாரிஸை இடித்துப் புதுக்கியபோது, க்ரோஸ் கொத்தனார்களுக்கு வேலை குவிந்தது. இருப்புப்பாதை வந்தது. நடந்து சென்று திரும்பியவர்கள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு நகரிலேயே தங்கலாயினர். பின்னர் முதல் உலகப் போர் எஞ்சிய இளைஞர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஜாந்தியு என்ற கிராமத்தில் 1922இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச்சின்னத்தின் முன், அநாதைச் சிறுவன் ஒருவன் முட்டியை உயர்த்தி நிற்கும் சிலை உள்ளது. ‘போர் சபிக்கப்படுவதாக’ என்பதே அதில் பொறிக்கப்பட்டுள்ள வாசகம். 1851இல் இம்மாவட்ட மக்கள்தொகை 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். இன்றோ 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் குறைவு. உலகம் வியக்கும் ஒரு நகரைக் கட்டியவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கும் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பங்குதாரர் பலர், குடியிருப்போர் இல்லை

பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே சட்டம் குறுக்கே வருகிறது. 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பு, மூத்த மகனுக்கே சொத்து என்ற பழைய வழக்கங்களுக்கு மாறாகப் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு உண்டு என்று நிலைநாட்டிற்று. நீதியான ஏற்பாடுதான். எனினும் உரிய காலத்தில் பாகம் பிரிக்காமல் இரண்டு தலைமுறை கடந்தால், ஒரே வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு உரிமையாளர்கள் சேர்ந்துவிடுகின்றனர். ஒருவர் பாரிஸில், ஒருவர் கனடாவில். ஒருவர் விற்கலாம் என்பார், மற்றவர் மாட்டேன் என்பார். அதற்குள் கூரையில் ஓர் ஓடு நழுவிவிடுகிறது. அந்த ஓட்டைச் சரிசெய்யவும் ஆளில்லாமல் பத்தாண்டுகளில் வீடு குட்டிச்சுவராகிறது. நம்மூர்களிலும் இத்தகைய காட்சிகளுக்குப் பஞ்சமில்லை என்பதை நீங்களே அறிவீர்கள்.

என் மைத்துனருக்கு நல்வாய்ப்பாக, அவர் வாங்கிய வீட்டின் வாரிசுகள் ஒருமித்து விற்க முன்வந்தனர். பிரான்ஸில் வீட்டு விலை மிகக் குறைந்த மாவட்டங்களில் க்ரோஸும் ஒன்று. ஆனால் விலையை மட்டும் பார்த்து மயங்கலாகாது. அங்கே விற்பனைப் பத்திரத்தை நொத்தேர் எனப்படும் சட்ட அலுவலரே எழுதிப் பதிவுசெய்கிறார். அரசின் வரியும் அவர் கட்டணமும் சேர்ந்து பழைய வீட்டின் விலையில் நூற்றுக்கு ஏழெட்டு விழுக்காடு ஆகிறது. 1949க்கு முற்பட்ட வீடாயின் வண்ணப்பூச்சில் ஈயம் உள்ளதா, மின்கம்பிகள் பாதுகாப்பானவையா, கழிவுநீர்த் தொட்டி விதிப்படி உள்ளதா என்பனவற்றையெல்லாம் ஆய்வாளர் சோதித்து எழுதித் தந்தாக வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னரும், வாங்குபவர் மனம் மாறினால் பத்து நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம்.

வீட்டின் அமைப்பு

இனி வீட்டுக்குள் வாருங்கள். ஒரே நீளக் கூரையின்கீழ் ஒருபுறம் மனிதர் வாழிடம், மறுபுறம் மாட்டுத்தொழுவமும் வைக்கோல் பரணும். சுவர்களின் கனம் ஒன்றரை முழத்துக்குக் குறையாது. வெளிமுகம் ஒரு வரிசைக் கருங்கல், உள்முகம் ஒரு வரிசைக் கருங்கல், இடையே சிறு கற்களும் களிமண்ணும். அப்பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதில்லை. எனவே அக்காலத்து ஏழை விவசாயிகள் சுவரைக் களிமண் சாந்தில் கட்டி, கைக்கெட்டிய அளவில் மட்டும் சுண்ணாம்பைப் பயன்படுத்தினர்.

சன்னல்கள் மிகச் சிறியவை. குளிர் மட்டுமே அதற்குக் காரணமன்று. பிரான்ஸில் 1798 முதல் 1926 வரை வாசல்களுக்கும் சன்னல்களுக்கும் எண்ணிக்கைப்படி வரி விதிக்கப்பட்டது. வெளிச்சத்துக்கும் வரி கட்ட இயலாத ஏழைகள் சுவரைத் திறக்க அஞ்சினர். கூடத்தின் ஒரு முனையில், ஆள் நுழைந்து அமரத்தக்க பெரிய கணப்படுப்பு. சமையலும் குளிர்காய்தலும் முதியோர் கதை சொல்லுதலும் அதைச் சுற்றியே நடந்தன.

சுவர் அழுத வீடு

இவ்வளவு அழகிய வீட்டில் என் தமக்கை குடியேற மறுத்துவிட்டார். வடக்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. தடவினால் கை நனைந்தது. பூஞ்சண நாற்றம் துணிகளிலும் ஏறிற்று. “மழை பெய்தால் சுவர் அழுகிற வீட்டில் நான் எப்படித் தம்பி குடியிருப்பேன்?” என்று லாத்தா என்னிடம் கேட்டபோது அவர் கண்களும் கலங்கின. அறுபது வயதைக் கடந்தவர், மூட்டுவலிக்காரர். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. மச்சானோ சேமிப்பை அதில் போட்டுவிட்டார். இருவரிடையே அதுபற்றிய பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் மௌனம் கனத்தது.

இரண்டு கட்டடக்காரர்கள் வந்து பார்த்தனர். முதலாமவர், நீர் புகாத மருந்து கலந்த சிமெண்ட் பூச்சை உள்ளும் புறமும் பூசினால் இரண்டு வாரங்களில் வேலை முடிந்துவிடும் என்றார். இரண்டாமவர் அவ்வட்டாரத்து முதிய கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், வெளியே போய் மண்ணைக் கிளறினார். பின்னர் அவர் சொன்னதை மச்சான் எனக்கு மொழிபெயர்த்தார்: “இந்தச் சுவருக்கு மூச்சுத் திணறுகிறது. முதலில் அதன்மேல் கிடக்கும் போர்வையை எடுங்கள்.”

அவர் விளக்கியது இதுதான். களிமண்ணில் கட்டிய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சவே செய்யும். அவ்வீரம் சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் உலர்ந்துவிடும் வரை கேடில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக அவ்வீடு அப்படித்தான் வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பழைய பூச்சு அழகாக இல்லை என்று யாரோ வெளிப்புறம் முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டனர். உள்ளே தரையிலும் காங்கிரீட் தளம் போட்டனர். தரைவழி வெளியேற வேண்டிய ஈரம் சுவருக்குத் தள்ளப்பட்டது. சுவர்வழி வெளியேற வேண்டியது சிமெண்டில் முட்டி உள்ளே திரும்பிற்று. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது பூச்சு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மழைநீரும் புகுகிறது. நனைந்த களிமண் வலுவிழந்து சுவரே வயிறு தள்ளுகிறது. 1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், பாலங்களுக்கும் அணைகளுக்கும் பெருந்துணை. மண்ணில் கட்டிய பழஞ்சுவருக்கோ அது மூச்சை அடைக்கும் போர்வை.

முதியவரின் யோசனை எளிது, ஆனால் நீண்டது. சிமெண்டைச் செதுக்கி எடுக்க வேண்டும். சுவரடியில் குவிந்த மண்ணை அகற்றிக் கூரைநீர் தள்ளிப்போக வழி செய்ய வேண்டும். காங்கிரீட் தளத்தை உடைக்க வேண்டும். ஒரு குளிர்காலம் முழுவதும் சுவரைத் தானாக உலரவிட்டு, மறு ஆண்டு உறைபனி நின்றபின் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். செலவு ஏறத்தாழ இரட்டிப்பு.

அன்றிரவு முடிவெடுத்தவர் என் தமக்கைதான். “காரைக்காலில் நம் பூர்வீக வீட்டு வடக்குச் சுவர் நினைவிருக்கிறதா? சிமெண்ட் பூசிய மூன்றாம் மழைக்கே பொரிந்து உதிர்ந்ததே. இந்தக் கிழவர் பொய் சொல்லவில்லை. நாம் காத்திருப்போம்” என்றார். மச்சான் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் உளியும் சுத்தியலுமாக அவரே முதல் ஆளாய்ச் சுவரருகே நின்றார்.

சுண்ணாம்பின் பொறுமை

சுண்ணாம்பைப் பற்றி நம் முன்னோருக்குத் தெரியாததன்று. கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரையில் கட்டிய வீடுகள் நம்மிடையே இன்றும் நிற்கின்றன. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலுடன் கலந்து பூசுகிறோம். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல்லானபின்னும் அதன் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும். முதலில் ஒரு தெறிப்புப் பூச்சு, அடுத்துத் தடித்த பூச்சு, இறுதியில் மெல்லிய பூச்சு என மூன்று அடுக்குகள். ஒன்று நன்கு இறுகிய பின்னரே அடுத்தது. வெயில் கடுமையானால் ஈரச்சாக்கு கட்டிக் காக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் பூசவே கூடாது. அவசரக்காரனுக்குச் சுண்ணாம்பு ஒத்துவராது என்றார் அம்முதியவர்.

மரவேலைக்கும் இதே இலக்கணம்தான். உத்திரங்கள் ஓக், செஸ்நட் மரங்களால் ஆனவை. மேற்புறம் உளுத்துப் பொடி உதிர்வதைக் கண்டு நான் திகைத்தேன். தச்சர் கத்தியால் குத்திப் பார்த்தார். விரற்கடை அளவுக்கு மாவாய் உதிர்ந்தது. அதன்கீழ் வைரம் பாய்ந்த கட்டையில் கத்தி இறங்கவில்லை. உளுத்ததைச் செதுக்கித் துடைத்து, ஓதச் சுவருக்குள் புதைந்து இற்றுப்போன ஒரு முனையை மட்டும் வெட்டி நீக்கிப் புது ஓக் துண்டைப் பொருத்தினார். முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்லிப் பணம் பறிக்க அவர் முயலவில்லை.

இவ்வேலைகளில் ஈடுபடுவோருக்கு அந்நாட்டில் நல்ல துணைகளும் உண்டு. கிராமத்து வீடுகளைக் காக்கவென்றே 1965இல் தோன்றிய மேசோன் பெய்சான் என்னும் சங்கம் சுண்ணாம்பு வேலையைக் கற்றுக்கொடுக்கிறது. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்டக் கட்டடக்கலை ஆலோசனை மன்றங்களில் பொதுமக்கள் கட்டணமின்றி யோசனை பெறலாம். சன்னலின் வடிவத்தை மாற்றினாலும், கூரை ஓட்டை வேறு வகையாக மாற்றினாலும் ஊராட்சி மன்றத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் குறைகளுக்கு, வேலை செய்தவரே பத்தாண்டுகள் பொறுப்பு என்று 1978ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது.

தட்டுமுட்டுச் சாமான்கள்

வீட்டை நிரப்பும் பொருட்களிலும் ஒரு பாடம் இருந்தது. பரணில் பாதிப் பொருட்கள் முன்பே காத்திருந்தன. பத்துப் பேர் அமரும் செஸ்நட் மேசை, அதன் இரு பெஞ்சுகள், ரொட்டி மாவு பிசையும் மூடியிட்ட மரத்தொட்டி. மேசையைக் கழுவிக் காயவைத்துத் தேன்மெழுகு பூசியதும் அது மீண்டும் உயிர்பெற்றது. மாவுத் தொட்டியில் லாத்தா அரிசியும் பருப்பும் வைத்துக்கொண்டார்.

அலமாரி ஒன்று தேவைப்பட்டது. ஆபே பியேர் என்னும் பாதிரியார் 1949இல் தொடங்கிய எம்மாவுஸ் அமைப்பு பிரான்ஸ் முழுவதும் கிளைவிட்டுள்ளது. வீடற்றோர் அங்கே தங்கி, பிறர் அளித்த பழைய பொருட்களைச் செப்பனிட்டு விற்று உழைத்துண்ணுகின்றனர். அத்தகைய கடையொன்றில், இரட்டைக் கதவும் பூவேலைப்பாடும் கொண்ட ஓக் அலமாரி, புதிய பலகைப் பீரோவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. நகரத்துச் சிறு வீடுகளில் அதை வைக்க இடமில்லாததால் கேட்பாரில்லை. அக்காலத்தில் மணப்பெண்ணின் சீர்த்துணிகளை வைக்க இத்தகைய அலமாரி செய்து கொடுப்பது பிரான்ஸின் பல பகுதிகளில் வழக்கம். இவ்வளவு பெரியது குறுகிய மாடிப்படியில் எப்படி ஏறும் என்று நான் கவலைப்பட்டேன். மர முளைகளைத் தட்டி எடுத்ததும் அது பலகை பலகையாகப் பிரிந்தது. மேலே கொண்டுபோய் அரை மணி நேரத்தில் மீண்டும் பூட்டினோம்.

தென்கிழக்கு நோக்கிய சிறிய அறை தொழுகைக்கென ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து கிப்லா அத்திசையில்தான். செஸ்நட் பலகைத் தரையும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும் இரண்டு பாய்களும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. இதே மாவட்டத்து ஒபுஸ்ஸோன் நகர், சுவரில் தொங்கவிடும் சித்திரக் கம்பளங்களுக்கு உலகப் புகழ் பெற்றது. அக்கலையை 2009இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அக்கம்பளங்கள் எங்கள் கைக்கெட்டும் விலையில் இல்லை. கண்டு மகிழ்ந்து திரும்பினோம்.

காத்திருந்ததன் பயன்

நான் ஊர் திரும்பியபின் நடந்தவற்றைக் கடிதங்கள் வாயிலாக அறிந்தேன். செதுக்கிய சுவர் அந்தக் குளிர்காலம் முழுவதும் வெறுங்கல்லாய் நின்றது. 2024 மே மாதத்தில் காரை பூசப்பட்டது. அவ்வாண்டுக் குளிர்காலத்தை என் தமக்கை அங்கேயே கழித்தார். சுவரின் அடியில் ஒரு சாண் அளவுக்கு இன்னும் ஈரத்தின் நிறம் தெரிவதாகவும், நாற்றம் அறவே போய்விட்டதாகவும் எழுதியிருந்தார். மூட்டுவலி போகவில்லை, மருத்துவரும் தொலைவில்தான். எனவே ஆண்டில் பாதி அங்கே, பாதி பாரிஸில் மக்களுடன் என்று ஏற்பாடு செய்துகொண்டனர். எட்டு வீடுகள் கொண்ட அந்தக் குக்கிராமத்தில், மாலையில் புகை எழும் வீடுகள் இரண்டாக இருந்தவை இப்போது மூன்று. எதிர்வீட்டு மூதாட்டி முட்டை கொண்டுவந்து தருகிறார், லாத்தா சமோசா கொடுத்தனுப்புகிறார்.

மச்சான் இன்னொன்றும் செய்தார். தமக்குப்பின் வீடு யாருக்கு, எவ்வாறு பங்காகும் என்பதை மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசி நொத்தேரிடம் எழுதி வைத்துவிட்டார். கூரையைச் செப்பனிட்டதைவிட இது முக்கியமான செப்பனிடல் என்பது என் கருத்து.

அன்பர்களே! உங்களிலும் பலர் பாட்டன் கட்டிய வீட்டைப் பூட்டிவைத்துவிட்டுத் தொலைவில் உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முன்னோர் வீடு நம்மிடம் உள்ள அமானிதம். விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒருமுறை கூரைமேல் ஏறிப் பாருங்கள். நழுவிய ஓட்டை அன்றே சரிசெய்யுங்கள். காரைச் சுவரில் சிமெண்ட் பூசச் சொல்பவரிடம், அச்சுவர் எதனால் கட்டப்பட்டது என்று முதலில் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஊரில் எவரேனும் இருந்தால், அவருடன் ஓர் இளைஞனையும் சேர்த்து அனுப்புங்கள். உடன்பிறந்தாரைக் கூட்டி வைத்துப் பங்கைப் பேசி முடியுங்கள். மழை எவருடைய சம்மதத்துக்காகவும் காத்திருப்பதில்லை.